நடப்பவர்களுக்கு வழி எங்கே?

ஒரு சர்க்காரின் குணத்தை அறிய, அது போடுகிற சாலையின் நடுப்பகுதியைப் பார்த்தால் போதாது. சாலையின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் போகிறவர்கள் யார், ஓரத்தில் போகிறவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஓரம் எந்த நிலையில் இருக்கிறதோ, உழைக்கும் மக்களைப் பற்றிய ஆட்சியாளரின் அபிப்பிராயமும் அந்த நிலையில்தான் இருக்கும்.

சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். குடிசை மாற்று வாரியம் (2021 முதல் அதற்குத் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர்) இங்கே 20,000-க்கும் அதிகமான வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டியது. தரைத் தளத்துக்கு மேல் 7 மாடிகள். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங் கரையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்களை அப்புறப்படுத்தி இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேலை வேகம் பிடித்தது. தீவுத்திடல் பக்கத்துச் சத்தியவாணிமுத்து நகரில் வாழ்ந்தவர்களும் இப்படி வந்து சேர்ந்தவர்களே. நகரத்தின் நெஞ்சில் குடியிருந்து, பிழைப்புக்குக் காலால் நடந்தே போய்வந்தவர்கள், இப்போது அந்தப் பிழைப்புக்கு இருபது, இருபத்தைந்து கிலோ மீட்டர் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

எத்தனை வீடு, எத்தனை மாடி, ஒரு வீடு எத்தனை சதுர அடி, எத்தனை கோடி செலவு – எல்லாவற்றுக்கும் சர்க்காரிடம் கணக்கு இருக்கிறது. அந்த வீட்டை விட்டு இறங்கி, பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஒரு மூதாட்டி எதன் மேல் நடந்து போவாள் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. வீடு கொடுத்தோம் என்கிறார்கள். வழி கொடுத்தீர்களா என்று கேட்கிறோம்.

நடப்பவர்கள் யார்?

நடைபாதை என்றவுடன் சிலருக்குக் காலைக் காற்று வாங்கப் போகிறவர்கள் நினைவு வருகிறது. பூங்காவில் சுற்றுவதற்குப் பாதை போட்டுவிட்டு, நடப்போருக்கு வசதி செய்துவிட்டோம் என்று சொல்லும் அதிகாரிகளும் உண்டு. உடம்பு இளைக்க நடப்பது வேறு, வயிற்றுக்காக நடப்பது வேறு. பெரும்பாக்கத்தில் நடப்பவர்கள் இரண்டாவது வகையினர்.

பொழுது விடியுமுன்னே துடைப்பத்தோடு கிளம்பும் தூய்மைத் தொழிலாளி, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கப் போகும் பெண்கள், இரவுக் காவல் முடிந்து திரும்பும் காவலாளி, சித்தாள் வேலைக்கு மேடவாக்கம் கூட்டு ரோட்டை நோக்கிப் போகிறவர்கள், சோழிங்கநல்லூர்க் கம்பெனிகளில் கேண்டீன் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள், அரசுக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் போகும் பிள்ளைகள் – இவர்கள்தான் நடக்கிறார்கள். நடப்பது இவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. வேலை நாளின் முதல் வேலையும் கடைசி வேலையும் அதுவே. கூலி இல்லாத வேலை.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்காக 2008-ல் ஒரு விரிவான போக்குவரத்து ஆய்வு நடந்தது. நகரத்தில் நடைபெறும் பயணங்களில் கால் பங்குக்கு மேல் முழுக்க முழுக்க நடையாகவே நடப்பவை. இன்னொரு கால் பங்கு பஸ்ஸில். காரின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை என்பது அந்த ஆய்வில் தெரிந்தது. பஸ்ஸில் போகிறவரும் ஏறுமுன் நடக்கிறார், இறங்கிய பின் நடக்கிறார். ஆகவே நகரத்தின் பயணங்களில் பாதிக்கு நடைபாதைதான் ஆதாரம். ஆனால் சாலைக்காக ஒதுக்கும் பணத்தில் பாதி நடைபாதைக்குப் போகிறதா? பாதி வேண்டாம், பத்தில் ஒன்று போகிறதா?

2021-ல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாற்றுத் திறனாளிகளுக்கும் அவர்களுக்குத் துணையாக வருகிறவருக்கும் அந்தச் சலுகை கிடைத்தது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பஸ் வாசற்படிக்கு வருவதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம்; பஸ் நிறுத்தத்துக்கு அவர் போக முடியாது. கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம். நிறுத்தம் வரையில் அவள் லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். இலவசமாக்கியது பாதிப் பயணத்தைத்தான்.

சாகிறவர்கள் யார்?

மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ல் இந்தியாவின் சாலைகளில் மாண்ட நடையர்கள் 32,825 பேர். 2023-ல் இந்தத் தொகை 35,221 ஆக ஏறியது. அந்த ஆண்டில் சாலையில் மாண்ட ஐவரில் ஒருவர், ஒரு வண்டியிலும் ஏறாமல், வெறுங்காலோடு நடந்து போனவர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 96 பேர். ஒரு சுரங்கத்தில் ஒரே நாளில் 96 தொழிலாளர் மாண்டால் நாடு கொந்தளிக்கும். சாலை ஓரத்தில் தனித்தனியாகச் சாகிறார்கள்; ஆகையால் அது செய்தியாகாமல் புள்ளிவிவரமாகப் போய்விடுகிறது.

நம் மாநிலத்துக்கு இதில் தனிப் 'பெருமை' உண்டு. 2022-ல் சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள். மாண்டவர்கள் 17,884 பேர்.

வண்டி மோதிச் சாவது மட்டுமே சாவு அல்ல. பெரும்பாக்கத்தைப் போலவே நகரத்து ஏழைகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகர். 2025 ஆகஸ்டில், மழை பெய்த ஓர் அதிகாலையில், அங்கே வேலைக்கு நடந்து போன தூய்மைப் பணியாளர் ஒருவர், தெருவில் தேங்கிய நீரில் கால் வைத்தார். பூமிக்கடியில் போன மின்கம்பியிலிருந்து கசிந்த மின்சாரம் அவரைக் கொன்றது. ஊரைச் சுத்தம் செய்யப் போன பெண்ணுக்கு ஊர் நான்கடி உலர்ந்த தரையைத் தரவில்லை. நஷ்ட ஈடு அறிவித்தார்கள். உயிருக்கு விலை போட்டவர்கள், அந்த உயிர் நடக்க ஒரு மேடை போடுவதற்கு ஏன் விலை போடவில்லை?

மழைக் காலத்தில் இந்த அபாயம் பெரும்பாக்கத்துக்கு இன்னும் அதிகம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்வான பூமி இது. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது; உலகமே மதிக்கும் நீர்நிலை. நீர் வந்து தங்கும் இடம் என்று தெரிந்தே இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்தார்கள். தண்ணீர் தேங்கினால் சாலை எது, வடிகால் எது, திறந்து கிடக்கும் குழி எது என்று காலுக்குத் தெரியாது. நம் ஊர்களில் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் பெரும்பாலும் நடைபாதை. அந்தக் கல்பலகைகளில் ஒன்று உடைந்தால் நடைபாதை, பொறியாகி விடுகிறது.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை

"இதற்கெல்லாம் விதிமுறை இல்லையே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதிமுறை ஏராளமாக இருக்கிறது.

இந்திய சாலைப் பேரவையின் 103-ஆம் எண் நெறிமுறை நடையர்களுக்கென்றே எழுதப்பட்டது. 2012-ல் திருத்தி, மறுபடியும் 2022-ல் திருத்தி வெளியிட்டார்கள். அதன்படி குடியிருப்புப் பகுதியில் நடைபாதையின் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 அடி. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று இடிக்காமல் கடந்து போக இவ்வளவு வேண்டும் என்பதுதான் கணக்கு. கடைகள் நிறைந்த தெருவானால் 2.5 மீட்டரும் அதற்கு மேலும். தலைக்கு மேல் 2.2 மீட்டர் வரை எந்தப் பலகையும் கிளையும் கம்பியும் இருக்கக் கூடாது. நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 15 சென்டி மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஏறி இறங்கும் இடங்களில் சாய்தளம் வேண்டும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற சாய்வு.

2014-ல் சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையே நிறைவேற்றியது. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம். போக்குவரத்துப் பட்ஜெட்டில் 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதினார்கள். இந்திய நகரங்களிலேயே இதில் நாங்கள்தான் முன்னோடி என்று பெருமை பேசினார்கள். 2016-ல் நாடாளுமன்றம் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றியது. சாலையும் பஸ் நிறுத்தமும் அவர்கள் அணுகக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பதை அது சர்க்காரின் கடமையாக்கியது.

கடைசியாகச் சுப்ரீம் கோர்ட் பேசியது. கோவை எலும்புச் சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம், நல்ல நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று கோர்ட் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில், நடையர்களின் பாதுகாப்புக்கு மாநிலங்கள் 6 மாதங்களில் விதிகள் வகுக்க வேண்டும், 50 பெரு நகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது.

எனவே உரிமை உண்டா என்ற விவாதம் முடிந்து போயிற்று. உரிமை இருக்கிறது, பாதை இல்லை. காகிதத்தில் 6 அடி. காலடியில் அரை அடி.

யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை!

ஏன் இப்படி? பெரும்பாக்கத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைக் கைப்பிடித்து வீட்டிலிருந்து மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றிய உள் பாதை வாழ்விட வாரியத்தின் பொறுப்பு. அடுத்த தெரு ஊராட்சியின் பொறுப்பு. பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அதில் தடுப்பு வைத்துத் தோண்டியிருப்பது மெட்ரோ ரயில் நிறுவனம். வழியில் நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துக்கு. பஸ் நிற்பது மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் தயவில். அரை மைல் நடைக்கு ஆறு எஜமானர்கள்! குழி எங்கே என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். கை காட்டும் வேலைக்கு மட்டும் இவர்களுக்குள் நல்ல ஒற்றுமை இருக்கிறது.

ஸ்தல ஸ்தாபன எல்லைகளும் இந்தக் கண்ணாமூச்சிக்குத் துணை போகின்றன. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் உள்ளே போயின. பெரும்பாக்கம் வெளியே நின்றது. 2021-ல் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானபோதும் பெரும்பாக்கம் வெளியே நின்றது. எட்டடுக்குக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும் ஊர். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் இருக்கும் ஊர். பணக்காரர்கள் நாலா திசையிலிருந்தும் வந்து வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர். கட்டடத்துக்கு இது நகரம். நடைபாதைக்கு மட்டும் கிராமம். நகரத்து மக்களைக் கிராமத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, நகரத்துக்கு எழுதிய கொள்கை உங்களுக்குப் பொருந்தாது என்பது என்ன நியாயம்?

ஆகவே சுப்ரீம் கோர்ட் சொன்ன தணிக்கையிலும் ஓர் அபாயம் இருக்கிறது. பெரு நகரங்களில் தணிக்கை என்றால் நகரத்தின் எல்லைக் கல்லோடு டேப்பைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எந்த மக்களை நகரத்திலிருந்து வெளியே தள்ளினார்களோ, அந்த மக்கள் கணக்கிலிருந்தும் வெளியே தள்ளப்படுவார்கள். இதை நாம் அனுமதிக்கக் கூடாது.

தள்ளுவண்டிக்காரனா குற்றவாளி?

நடைபாதை வேண்டும் என்று மக்கள் கேட்டவுடன் அதிகாரிகள் ஆனந்தமாக ஒரு காரியத்துக்குக் கிளம்புவார்கள். போலீசைக் கூட்டிக்கொண்டு வந்து இட்லிக் கடையையும் பழ வண்டியையும் அள்ளிப் போவார்கள். "ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது" என்று மறுநாள் படத்தோடு செய்தி வரும். நடப்பவனையும் விற்பவனையும் மோதவிட்டு, இருவரையும் ஏமாற்றும் தந்திரம் இது.

பெரும்பாக்கத்தில் தள்ளுவண்டி ஏன் வந்தது? நகரத்தில் இருந்த பிழைப்பை வேரோடு பிடுங்கிவிட்டு மக்களை இங்கே நட்டார்கள். கடை வைக்க இடம் கொடுக்கவில்லை; வேலையும் கொடுக்கவில்லை. மீன் விற்றவள் மீன் விற்கிறாள், பூக் கட்டியவள் பூக் கட்டுகிறாள். வேலை முடிந்து இருட்டில் இறங்கி வரும் பெண்ணுக்கு அந்தப் பூக்கடையின் விளக்குதான் துணை. கடைகளை அள்ளிப் போன தெரு சுத்தமாகத் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் தனியாக நடக்கப் பெண்கள் அஞ்சுவார்கள்.

பாதையை உண்மையில் அடைத்து நிற்பவை எவை? இரவும் பகலும் அசையாமல் நிற்கும் கார்கள். ஏற்றிக் கட்டிய கடைப் படிகள். வீட்டு வாசலில் காரை ஏற்றுவதற்காகப் போட்ட சரிவுகள். டிரான்ஸ்பார்மர்கள். விளம்பரத் தட்டிகள். கட்டட முதலாளிகள் கொட்டி வைத்த ஜல்லியும் மணலும். நான்கடித் தள்ளுவண்டியைக் காணும் அதிகாரியின் கண்ணுக்குப் பதினைந்தடிக் கார் தெரிவதில்லை!

2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தெளிவாக இருக்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து முடியும் வரையில் யாரையும் அகற்றக் கூடாது. விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தையும் நடைபாதை நெறிமுறையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் வழி தானே பிறக்கிறது. சுவரை அல்லது கடையை ஒட்டி ஒரு சிறு இடைவெளி; நடுவே 6 அடி யாரும் தொடாத நடை வழி; அதற்கு அப்பால் சாலையை ஒட்டிய பட்டையில் மரம், விளக்குக் கம்பம், மின்பெட்டி, வியாபாரியின் வண்டி. நடப்பவரும் பிழைப்பார், விற்பவரும் பிழைப்பார். இடம் போதவில்லை என்றால் சுருங்க வேண்டியது கார் நிற்கும் இடம்தான்.

நடைபாதைக் கோரிக்கையை எழுப்புகிற எவரும் முதலில் வியாபாரிகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவர்களைச் சேர்க்காமல் எழுப்பும் கோரிக்கை, போலீஸ் லாரிக்கு அனுப்பும் அழைப்பாகப் போய்விடும்.

பணம் இல்லையா?

அடுத்த சாக்கு, பணம் இல்லை என்பது. கணக்கைப் பார்ப்போம்.

பெரும்பாக்கத்துக்குப் பக்கத்து மேடவாக்கத்தில் 2.03 கிலோ மீட்டர் நீள மேம்பாலம் ஒன்று 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 95 கோடி ரூபாய். வண்டியில் போகிறவர் சிக்னலில் நிற்காமல் போக வேண்டும் என்பதற்காக இவ்வளவு பணம் கிடைத்தது. அந்தப் பாலத்தின் கீழே சாலையைக் கடக்க நிற்கும் கட்டடத் தொழிலாளி, நிற்காமல் போக வேண்டும் என்று கேட்கவில்லை. சாகாமல் போக வேண்டும் என்றுதான் கேட்கிறான்.

தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடையர்களுக்கென அகலமான நடைபாதை போட்டு 2019 நவம்பரில் திறந்தார்கள். ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவு. நல்ல வேலைதான்; குழந்தைகளும் முதியவர்களும் அங்கே தாராளமாக நடக்கிறார்கள். ஆகவே பணமும் உண்டு, தொழில் நுணுக்கமும் உண்டு என்று நிரூபணமாகிவிட்டது. புடவையும் நகையும் வாங்கும் தெருவுக்குக் கிடைத்தது, அந்தத் தெருவைக் கூட்டுகிறவர்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேள்வி. பாண்டி பஜாரைப் போல பளபளப்பான கல் எங்களுக்கு வேண்டாம். சமமான, வழுக்காத சிமெண்டுத் தரை போதும்.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 63,246 கோடி ரூபாய் மதிப்பீடு. அதன் ஐந்தாம் வழித்தடம் மாதவரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு வருகிறது. ரயில் வரட்டும். ஆனால் நிலையத்துக்கு எப்படிப் போவது? ஐந்து நிமிஷ நடை ஆபத்தானால், அதற்கும் ஷேர் ஆட்டோவுக்குப் பணம் கொடுக்க வேண்டும். நாளைக்கு இரண்டு முறை, மாதத்துக்கு இருபத்தாறு நாள் கொடுத்துப் பாருங்கள். கூலியில் எவ்வளவு மிஞ்சும்? நடைபாதை இல்லாமையும் ஒரு வரிதான். ஏழைகள் மட்டுமே கட்டும் வரி.

அளப்பது நம் கையில்

சரி, என்ன செய்வது? முதல் வேலை, அளப்பது. சர்க்கார் அளக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தெருவில் நடப்பவர்களே தெருவை அளக்க முடியும். ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு பேனா, கையிலிருக்கும் போனில் ஒரு படம் – இவை போதும்.

அளக்கப் போகிறவர்கள் யார் என்பது முக்கியம். திடகாத்திரமான நான்கு வாலிபர்கள் மட்டும் போனால் பாதிக் குறைகள் அவர்கள் கண்ணில் படாது. தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்த பெண் ஒருவர், முட்டிவலியுள்ள முதியவர் ஒருவர், சக்கர நாற்காலியில் செல்பவர் ஒருவர், பார்வையற்றவர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள் இருவர், தெரு வியாபாரி ஒருவர் – இவர்கள் சேர்ந்து நடக்க வேண்டும். முதியவருக்குத் தடையில்லாத பாதை எல்லோருக்கும் தடையில்லாத பாதை.

நேரமும் முக்கியம். அதிகாரிகள் பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வருவார்கள். நாம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு முறை, பள்ளி விடும் வேளையில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை, மழை விட்ட மறுநாள் ஒரு முறை நடக்க வேண்டும். அதே தெரு நான்கு வேளையில் நான்கு தெருவாக இருக்கும்.

இரண்டு பஸ் நிறுத்தங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஒரு துண்டாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் இவற்றைக் குறிக்கலாம்:

நடைபாதை இருக்கிறதா, இருந்தால் மிகக் குறுகலான இடத்தில் தடையற்ற அகலம் எவ்வளவு. 90 சென்டி மீட்டருக்குக் குறைந்தால் ஒரு சக்கர நாற்காலிகூடப் போக முடியாது. விளிம்பின் உயரம் எவ்வளவு. நடப்பவர் எத்தனை இடத்தில் சாலையில் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. இறங்க வைத்தது எது. மூடியில்லாத குழிகள் எத்தனை, உடைந்த கல்பலகைகள் எத்தனை. மின்பெட்டி திறந்து கிடக்கிறதா. கம்பி வெளியே தெரிகிறதா. தண்ணீர் எங்கே தேங்குகிறது. எத்தனை விளக்கு, அதில் எத்தனை எரிகிறது. எங்கே நிழல் இருக்கிறது; எங்கே உட்கார இடம் இருக்கிறது.

சாலையைக் கடக்கும் இடங்களைத் தனியே அளக்க வேண்டும். சிக்னல் உண்டானால் நடையருக்கு எத்தனை விநாடி தருகிறார்கள் என்று எண்ணுங்கள். ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துத்தான் என்ஜினீயர்கள் கணக்குப் போடுவது வழக்கம். 12 மீட்டர் சாலைக்கு 10 விநாடி போதும் என்பார்கள். ஊன்றுகோலோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவருக்கு 15 விநாடி வேண்டும். அந்த 5 விநாடிதான் அவருடைய உயிர்.

பார்வையற்றோருக்கான புடைத்த ஓடுகளையும் கவனிக்க வேண்டும். ஜப்பானில் மியாகே செய்இச்சி 1965-ல் கண்டுபிடித்து, 1967-ல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்த ஓடுகள் அவை. காலால் தொட்டு வழி அறிவதற்கானவை. நம் ஊரில் மஞ்சள் நிறம் அழகாக இருக்கிறது என்று பதித்துவிட்டு, அந்த வரிசையைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் முட்ட விடுகிறார்கள். அப்படி இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

இப்படி ஒரு பத்துத் துண்டை அளந்து, ஒரு பெரிய காகிதத்தில் தெருப் படமாக வரைந்து, நல்லதைப் பச்சையாலும் அபாயத்தைச் சிவப்பாலும் குறித்துப் பஸ் நிறுத்தத்தில் ஒட்டுங்கள். "வசதி போதவில்லை" என்ற மனுவை அதிகாரி மடித்து வைத்துவிடலாம். "இந்த நிறுத்தத்துக்கும் அந்த நிறுத்தத்துக்கும் நடுவே 7 இடத்தில் சாலையில் இறங்க வேண்டியிருக்கிறது, 4 குழிகள் மூடியில்லை" என்று அளவோடு சொன்னால் மடித்து வைக்க முடியாது. அளவு, ஏழையின் கையில் ஓர் ஆயுதம்.

எதைக் கேட்க வேண்டும்?

அளந்த பிறகு கோரிக்கை. பொதுவாக அல்ல, குறிப்பாக.

முதலாவது: பெரும்பாக்கத்துக்குள் எந்தத் துறையின் சாலையானாலும் சரி, நடைபாதைக்கென ஒரே ஓர் அதிகாரி பொறுப்பாக இருக்க வேண்டும். அவர் பதவியும் அலுவலக எண்ணும் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் பலகையாக நிற்க வேண்டும்.

இரண்டாவது: வாரியக் குடியிருப்புகளிலிருந்து பஸ் நிறுத்தம், பள்ளி, ரேஷன் கடை, சுகாதார நிலையம், வரப்போகும் மெட்ரோ நிலையம் ஆகியவற்றுக்கு அறுபடாத 1.8 மீட்டர் வழி. எங்கோ நூறு அடி அழகாகப் போட்டு, அப்புறம் விட்டுவிடுவது வேண்டாம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி இல்லை.

மூன்றாவது: குழிகளுக்கு மூடி, மின்கம்பிகளுக்குச் சோதனை, விளக்கு. இந்த மூன்றுக்கும் திட்டமும் தேவையில்லை, டெண்டரும் நெடுங்காலம் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் செய்து முடித்து, முடித்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்டவர் விபத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவது: தாழ்தளப் பஸ்கள் நிற்கத் தக்க நிறுத்தங்கள். 2024-ல் சென்னையில் மீண்டும் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. மாற்றுத் திறனாளிகள் நீண்ட காலம் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆனால் மேடையில்லாமல் பஸ் நடுச் சாலையில் நின்றால், அதன் சாய்பலகை செங்குத்தாக இறங்கும். சக்கர நாற்காலி ஏறாது. மேடை இல்லாத நிறுத்தம் அந்த வெற்றியைப் பாதியில் பறித்துவிடும்.

ஐந்தாவது: மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் தடுப்புக்கு வெளியே நடையருக்கு முதலில் தற்காலிகப் பாதை. வண்டிக்கு மாற்று வழி போடாமல் எந்தக் காண்டிராக்டரும் சாலையைத் தோண்டுவதில்லை. நடப்பவருக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

ஆறாவது: வியாபாரிகளைச் சட்டப்படி கணக்கெடுத்து இடம் ஒதுக்கிய பிறகே எந்த மாற்றமும்.

இவற்றில் ஒன்றுகூட ஆடம்பரம் அல்ல. ஒன்றுகூடச் சட்டத்துக்கு வெளியே இல்லை.

யார் பெறப் போகிறார்கள்?

நம் மாநிலத்தில் ஊராட்சிகளில் 2022 முதல் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூட வேண்டும். அவற்றில் ஒன்று மே 1, தொழிலாளர் தினம். நடைபாதை அளவுக் காகிதத்தைக் கொண்டுபோய் வைக்க அதைவிடப் பொருத்தமான நாள் ஏது? ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைத்தாலும் கவலையில்லை. நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் 2022-ன் விதிகளில் உண்டு. பலகையில் எழுதிய பெயர் மாறலாம். கேட்கும் குரல் மாறக் கூடாது.

இந்தப் போராட்டத்தில் வாரியக் குடியிருப்பு மக்கள் தனியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் வசிக்கும் நடுத்தர வர்க்கத்தினரும் தங்கள் பெற்றோரை வெளியே அனுப்ப அஞ்சுகிறார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு நடந்து அனுப்ப அஞ்சுகிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அந்த வீட்டுப் பாட்டியும் ஒரே உடைந்த கல்லில்தான் இடறுகிறார்கள். இவர்கள் இரு சாராரையும் பிரித்து வைக்க ஒரு மதில் சுவர் இருக்கிறது. சேர்த்து வைக்க ஒரு நடைபாதைக் கோரிக்கை போதும்.

குடிசையிலிருந்து மக்களை வெளியேற்றியபோது சர்க்கார் வாக்குக் கொடுத்தது: உங்களுக்கு மனிதரைப் போல வாழ இடம் தருகிறோம் என்று. மனிதரைப் போல வாழ்வதில் முதல் அடையாளம், அச்சமின்றி ஒரு தெருவில் நடந்து போவது. அந்த வாக்கு இன்னும் பாக்கி. பாக்கியை வசூலிக்க டேப்பை எடுங்கள், நோட்டை எடுங்கள், அடுத்த வீட்டாரைக் கூப்பிடுங்கள். இந்த மழைக்கு முன்பே முதல் தெருவை அளந்து முடியுங்கள்.